வீரர் ஏலமும் பரிமாற்றமும் (ஹாக்கி)

வீரர் பரிமாற்றம் என்பது, தொழில்முறை விளையாட்டுத் தொடர் ஒன்றில் பங்குபெறும் ஓர் அணி, தன்னுடன் ஒப்பந்தத்தில் உள்ள வீரரை மற்றோர் அணிக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக வேறொரு வீரரையோ வேறு உரிமைகளையோ பெற்றுக்கொள்ளும் முறை ஆகும். வட அமெரிக்காவின் பனி ஹாக்கியில் இம்முறை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. இந்தியாவில் வளைதடிப் பந்தாட்டம் எனப்படும் ஹாக்கியில் அணிகள் பெரும்பாலும் வீரர் ஏலம் வழியாக அமைக்கப்படுகின்றன. ஏலத்தில் பணம் கொடுத்து வீரர் பெறப்படுகிறார். பரிமாற்றத்தில் வீரரைக் கொடுத்து வீரர் பெறப்படுகிறார். இரண்டிலும் அடிப்படையாக எழும் வினா ஒன்றே: இந்த வீரர் எவ்வளவு பெறுவார்?

இவ்வினா தற்காப்பு வீரரைப் பற்றி எழும்போது ரசிகர்களிடையே கருத்து வேறுபாடு மிகுதியாகக் காணப்படுகின்றது. முன்கள வீரரின் பயன் அவர் அடித்த கோல்களால் அளக்கப்படுகிறது. தற்காப்பு வீரரின் பயனோ பெரும்பாலும் எதிரணி அடிக்க முடியாமற்போன கோல்களில் அடங்கியுள்ளது. அடிக்கப்படாத கோல் எந்த ஆட்டக் குறிப்பிலும் இடம்பெறுவதில்லை. எனவே தற்காப்பு வீரருக்குக் கொடுக்கப்பட்ட விலை சரியா என்பது ஏலம் அல்லது பரிமாற்றம் முடிந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே ஓரளவு தெளிவாகின்றது. சில வேளைகளில் அப்போதும் தெளிவாவதில்லை.

ஆட்டத்தில் தற்காப்பு வீரரின் பணி

வளைதடிப் பந்தாட்டத்தில் ஓர் அணியில் கோல் காப்பாளர் உட்பட 11 பேர் களத்தில் இருப்பர். தற்காப்பு வீரர்கள் கோல் காப்பாளருக்கு முன்னே நின்று, எதிரணியினர் அரைவட்டத்துக்குள் நுழையாதவாறு தடுப்பதும், பந்தைக் கைப்பற்றி நடுக்களத்துக்கு அனுப்புவதும் இவர்களது முதன்மைப் பணி ஆகும். அரைவட்டத்துக்கு உள்ளிருந்து அடிக்கப்படும் பந்து மட்டுமே கோலாகும் என்பதால், அந்த எல்லையைக் காப்பது ஆட்டத்தின் முடிவையே மாற்றக்கூடியது.

இப்பணியின் கடினமான பகுதி பெனால்ட்டி கார்னர் ஆகும். அரைவட்டத்துக்குள் தற்காப்பு அணி விதிமீறினால் எதிரணிக்கு இவ்வாய்ப்பு வழங்கப்படும். அப்போது கோல் காப்பாளரையும் சேர்த்து ஐந்து பேர் மட்டுமே கோல் கோட்டுக்குப் பின் நிற்கலாம். ஏனையோர் நடுக்கோட்டுக்கு அப்பால் செல்ல வேண்டும். பந்து உள்ளே தள்ளப்பட்டதும், கோல் கோட்டிலிருந்து முதலில் பாய்ந்து சென்று பந்தை அடிப்பவரின் வழியை மறிப்பவர் முதல் ஓட்டக்காரர் ஆவார். மிகுந்த வேகத்தில் வரும் பந்தை உடலுக்கு நேராக எதிர்கொள்ளும் பணி இது. அவர் மறித்துவிட்டால் அன்றைய ஆட்டக் குறிப்பில் ஒன்றும் எழுதப்படாது. மறிக்கத் தவறினால் எதிரணியின் கணக்கில் ஒரு கோல் எழுதப்படும்.

தற்காப்பு வீரர்களில் ஒரு பிரிவினர் இதற்கு நேர்மாறான புகழையும் பெறுகின்றனர். எதிரணியின் அரைவட்டத்தில் கிடைக்கும் பெனால்ட்டி கார்னரில் பந்தை வளைதடியால் இழுத்து வீசும் டிராக் ஃபிளிக் என்னும் நுட்பத்தில் தேர்ந்தவர்கள் பலர் தற்காப்பு வீரர்களே. தம் அணியின் கோலைக் காப்பதற்காக நிறுத்தப்பட்டவரே அணியின் மிகுதியான கோல்களை அடிப்பவராகவும் இருப்பது இந்த ஆட்டத்தின் தனித்தன்மைகளுள் ஒன்று.

இந்தியாவில் வீரர் ஏலம்

இந்திய ஹாக்கியில் நகர அணிகளைக் கொண்ட தொடர்கள் சில முறை தோன்றி மறைந்துள்ளன. 2005 இல் தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீக் தொடரில் சென்னை வீரன்ஸ் என்னும் அணியும், 2012 இல் நடந்த உலகத் தொடர் ஹாக்கியில் சென்னை சீட்டாஸ் என்னும் அணியும் பங்கேற்றன. 2013 முதல் 2017 வரை ஹாக்கி இந்தியா லீக் நடைபெற்றது. அதன் முதல் தொடரில் தமிழ்நாட்டு அணி இல்லை. ஏழாண்டு இடைவெளிக்குப் பின்னர் இத்தொடர் 2024 டிசம்பர் 28 அன்று மீண்டும் தொடங்கியது. அப்போது ஆடவர் பிரிவில் எட்டு அணிகள் இருந்தன. அவற்றுள் தமிழ்நாடு டிராகன்ஸ் ஒன்று.

இத்தொடருக்கான ஏலம் 2024 அக்டோபரில் புது தில்லியில் நடைபெற்றது. ஆடவர் அணி ஒவ்வொன்றும் ஏலத்தில் 4 கோடி ரூபாய் வரை செலவிடலாம். அத்தொகைக்குள் 24 வீரர்களைச் சேர்க்க வேண்டும். அவர்களில் 8 பேர் வெளிநாட்டவர், எஞ்சியோர் இந்தியர். இந்தியரில் நால்வர் இளையோர் பிரிவினராக இருத்தல் வேண்டும். வீரர்களின் தொடக்க விலை 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் ரூபாய் என மூன்று நிலைகளில் வகுக்கப்பட்டிருந்தது.

நான்கு கோடியை 24 பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு ஏறத்தாழ 16 லட்சத்து 67 ஆயிரம் ரூபாய் வரும். ஒருவருக்கு அதற்கு மேல் கொடுக்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் மற்றவர்களுக்கான தொகையிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். ஏலத்தைப் பற்றிய விவாதங்கள் அனைத்தும் இக்கணக்கிலிருந்தே பிறக்கின்றன.

அதிக விலை பெற்ற தற்காப்பு வீரர்கள்

இந்த ஏலத்தில் ஆடவர், மகளிர் ஆகிய இரு பிரிவுகளிலும் மிக உயர்ந்த விலை பெற்றோர் தற்காப்பு ஆட்டக்காரர்களே என்பது குறிப்பிடத்தக்கது.

ஹர்மன்பிரீத் சிங்: இந்திய அணியின் தலைவர். பஞ்சாப், அரியானா மாநிலங்களைச் சார்ந்த சூர்மா அணி இவரை 78 லட்சம் ரூபாய்க்குப் பெற்றது. இது அணியின் மொத்தத் தொகையில் 19.5 விழுக்காடு ஆகும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இவர் 10 கோல்கள் அடித்து அப்போட்டியின் அதிக கோல் அடித்த வீரராக விளங்கினார்.

கொன்சாலோ பெய்லாட்: 2016 ஒலிம்பிக்கில் அர்செந்தீனா தங்கம் வென்றபோது அந்நாட்டுக்கும், பின்னர் செருமனிக்கும் ஆடியவர். ஐதராபாத் தூஃபான்ஸ் அணி 68 லட்சம் ரூபாய்க்குப் பெற்றது.

யிப் யான்சன்: நெதர்லாந்து வீரர். தமிழ்நாடு டிராகன்ஸ் அணி 54 லட்சம் ரூபாய்க்குப் பெற்றது.

அமித் ரோகிதாஸ்: ஒடிசா மாநிலம் சுந்தர்கர் மாவட்டத்தைச் சேர்ந்தவர். தமிழ்நாடு டிராகன்ஸ் அணி 48 லட்சம் ரூபாய்க்குப் பெற்றது.

சுக்ராஜ் சிங்: பெங்கால் டைகர்ஸ் அணி 48 லட்சம் ரூபாய்க்குப் பெற்றது.

உதிதா: மகளிர் பிரிவில் மிக உயர்ந்த விலையான 32 லட்சம் ரூபாய்க்கு பெங்கால் டைகர்ஸ் அணி பெற்றது. மகளிர் அணிகளுக்கான மொத்தத் தொகை 2 கோடி ரூபாய் ஆகும்.

இவர்களுள் ஹர்மன்பிரீத், பெய்லாட், யான்சன், சுக்ராஜ் ஆகியோர் டிராக் ஃபிளிக் நுட்பத்துக்குப் பெயர் பெற்றவர்கள். எனவே இவர்களுக்குக் கிடைத்த விலை தற்காப்புக்கா, கோல் அடிக்கும் திறனுக்கா என்ற வினா இயல்பாக எழுகின்றது. ரோகிதாசும் டிராக் ஃபிளிக் செய்யக்கூடியவரே எனினும், அவரது முதன்மைப் பெயர் பெனால்ட்டி கார்னரின் முதல் ஓட்டக்காரர் என்பதே.

தமிழ்நாடு டிராகன்ஸ் அணியின் தேர்வு

யான்சன், ரோகிதாஸ் ஆகிய இருவருக்கும் டிராகன்ஸ் அணி செலவிட்ட தொகை 1 கோடியே 2 லட்சம் ரூபாய். அஃதாவது மொத்தத் தொகையில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். எஞ்சிய 22 பேரையும் மீதமிருந்த 2 கோடியே 98 லட்சம் ரூபாய்க்குள் சேர்க்க வேண்டியிருந்தது. அரியலூரைச் சேர்ந்தவரும், கோவில்பட்டியில் பயிற்சி பெற்றவருமான முன்கள வீரர் செல்வம் கார்த்தியும் இவ்வணியில் இடம்பெற்றார்.

ரோகிதாசின் மதிப்பை அறிய 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் இரண்டு ஆட்டங்களை நோக்குதல் வேண்டும். ஆகஸ்ட் 4 அன்று பிரித்தானியாவுக்கு எதிரான கால் இறுதியில், இரண்டாம் கால் பகுதியின் தொடக்கத்தில் ரோகிதாசுக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. இந்திய அணி 40 நிமிடங்களுக்கு மேலாக 10 பேருடன் ஆடியது. ஆட்டம் 1–1 எனச் சமநிலையில் முடிந்து, சூட் அவுட் முறையில் இந்தியா 4–2 என வென்றது. கோல் காப்பாளர் சிறீஜேஷ் அன்று பெரிதும் பாராட்டப்பட்டார்.

சிவப்பு அட்டையின் விளைவாக ரோகிதாசுக்கு ஓர் ஆட்டத்தில் ஆடத் தடை விதிக்கப்பட்டது. இந்தியா செய்த மேல்முறையீடு ஏற்கப்படவில்லை. ஆகஸ்ட் 6 அன்று செருமனிக்கு எதிரான அரையிறுதியில் முதல் ஓட்டக்காரர் இல்லாமலேயே இந்தியா ஆடியது. செருமனியின் முதல் கோலை பெனால்ட்டி கார்னரில் பெய்லாட் அடித்தார். இந்தியா 2–3 எனத் தோற்றது. பின்னர் இசுப்பெயினை 2–1 என வென்று வெண்கலப் பதக்கம் பெற்றது.

ரோகிதாஸ் ஆடியிருந்தால் அந்தக் கோல் விழுந்திருக்காது என்று உறுதியாகக் கூற இயலாது. விழுந்திருக்கும் என்றும் கூற இயலாது. தற்காப்பு வீரரின் மதிப்பை அறிவதில் உள்ள இடர்ப்பாட்டுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. அவர் களத்தில் இருந்தபோது தெரியாத பயன், அவர் இல்லாதபோதே பேசப்பட்டது. இரண்டு மாதங்களுக்குப் பின் நடந்த ஏலத்தில் அவருக்கு 48 லட்சம் ரூபாய் கிடைத்தது.

அதே விலைக்குப் போன சுக்ராஜ் சிங்கின் கணக்கு எளிது. 2025 பெப்ரவரி 1 அன்று ரூர்கேலாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் பெங்கால் டைகர்ஸ் அணி ஐதராபாத் தூஃபான்ஸ் அணியை 4–3 என வென்றது. அந்த நான்கு கோல்களில் மூன்று சுக்ராஜ் அடித்தவை. தமிழ்நாடு டிராகன்ஸ் அணி அரையிறுதியில் இதே பெங்கால் டைகர்ஸ் அணியிடம் சூட் அவுட் முறையில் தோற்று, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் சூர்மா அணியிடமும் தோற்று, நான்காம் இடம் பெற்றது. இதனைக் கொண்டு ஒரே விலைக்குப் பெறப்பட்ட இருவருள் சுக்ராஜே மேலானவர் என்று முடிவு செய்வது எளிது. ஆனால் அம்முடிவு அடித்த கோல்களை மட்டுமே எண்ணுகிறது, தடுத்தவற்றை எண்ணவில்லை.

பனி ஹாக்கியில் பரிமாற்றம்

கனடா, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளின் தேசிய ஹாக்கி லீக் 1917 இல் தொடங்கப்பட்டது. இதில் வீரர்கள் சறுக்குக் காலணிகளுடன் பனித்தளத்தில் ஆடுகின்றனர். வழக்கமாக ஓர் ஆட்டத்துக்கு ஆறு தற்காப்பு வீரர்கள், மூன்று இணைகளாகப் பிரிந்து, மாறி மாறிக் களமிறங்குவர். ஒவ்வோர் இணையிலும் ஒருவர் இடப்புறத்தையும் மற்றவர் வலப்புறத்தையும் காப்பர். எனவே ஓர் அணிக்கு நல்ல தற்காப்பு வீரர் வேண்டும் என்பது மட்டும் போதாது. வலக்கை வழக்கமுடையவரா, இடக்கை வழக்கமுடையவரா என்பதும் விலையை மாற்றும்.

2004–05 பருவம் முழுவதும் ஊதியத் தகராற்றால் கைவிடப்பட்டது. அதன் பின்னர் ஊதிய உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. 2005–06 இல் ஓர் அணிக்கு 39 மில்லியன் டாலராக இருந்த வரம்பு 2025–26 இல் 95.5 மில்லியன் டாலராக உயர்ந்தது. ஒரு வீரரைப் பெறும் அணி அவரது ஊதியத்தையும் இந்த வரம்புக்குள் அடக்க வேண்டும். ஆகவே பரிமாற்றத்தில் கைமாறுபவை நான்கு வகைப்படும்:

ஆடும் வீரர்கள்.
இன்னும் முதன்மை அணியில் இடம்பெறாத இளம் வீரர்கள்.
வருங்காலப் புதுமுக வீரர்களைத் தெரிவு செய்யும் உரிமை.
வீரரின் ஊதியத்தில் ஒரு பகுதியைப் பழைய அணியே தொடர்ந்து ஏற்றல்.

மூன்றாம் வகையான தெரிவு உரிமை, இன்னும் பள்ளியில் படிக்கும் ஒருவரை இன்றே விற்பதற்கு ஒப்பானது. கோப்பையை உடனே வெல்ல விரும்பும் அணி வருங்காலத்தைக் கொடுத்து நிகழ்காலத்தை வாங்குகிறது. தோற்றுக்கொண்டிருக்கும் அணி இதற்கு மாறாகச் செய்கிறது. இவ்விரு அணிகளின் தேவைகளும் சந்திக்கும் காலம் ஒவ்வொரு பருவத்திலும் வரும் பரிமாற்றக் கெடு நாளை ஒட்டியதாகும்.

குறிப்பிடத்தக்க பரிமாற்றங்கள்

ரே போர்க் (2000): 1979 முதல் பாசுட்டன் அணிக்கு ஆடிவந்த தற்காப்பு வீரர். ஒருமுறையும் இசுட்டான்லி கோப்பையை வென்றதில்லை. 2000 மார்ச்சு 6 அன்று கொலராடோ அணிக்கு அனுப்பப்பட்டார். 2001 யூனில் அவ்வணி கோப்பையை வென்றது. அவர் அக்கோப்பையைப் பாசுட்டன் நகருக்கு எடுத்துச் சென்றபோது, பழைய அணியின் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வரவேற்றனர்.

ஆல் – லார்சன் (2016): எட்மன்டன் அணி தனது முன்னணி முன்கள வீரர் டெய்லர் ஆலை நியூ செர்சி அணிக்குக் கொடுத்து, தற்காப்பு வீரர் ஆடம் லார்சனை மட்டும் பெற்றது. ஒருவருக்கு ஒருவர் என்ற இப்பரிமாற்றம் கடுமையாக எள்ளி நகையாடப்பட்டது. 2018 இல் ஆல் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஆர்ட் விருதைப் பெற்றார். எனினும் எட்மன்டன் அணி, லார்சன் சேர்ந்த முதல் பருவத்திலேயே, 2006 க்குப் பின் முதன்முறையாக இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது.

சுபன் – வெபர் (2016): மேற்கூறிய பரிமாற்றம் நடந்த அதே யூன் 29 அன்று, மொன்றியால் அணியின் பி. கே. சுபனும் நாசுவில் அணியின் சியா வெபரும் இடம் மாறினர். இருவரும் தற்காப்பு வீரர்கள். சுபன் சேர்ந்த மறு ஆண்டே நாசுவில் இறுதிப் போட்டியை எட்டியது. வெபரின் தலைமையில் மொன்றியால் 2021 இல் இறுதிப் போட்டியை எட்டியது. இரு அணிகளும் தோற்றன. எவர் வென்றார் என்ற விவாதம் இதனால் முடியவில்லை.

பிராண்டன் கார்லோ (2025): தொராண்டோ அணி, மார்ச்சு 7 அன்று, பாசுட்டன் அணியிடமிருந்து இத்தற்காப்பு வீரரைப் பெற்றது. ஈடாக ஓர் இளம் வீரரும் தெரிவு உரிமைகளும் கொடுக்கப்பட்டன. தமிழர் பெருமளவில் வாழும் நகரான தொராண்டோவின் அணி 1967 க்குப் பின் கோப்பையை வெல்லாதது. எனவே அந்நகரில் தற்காப்பு வீரர் பற்றிய விவாதம் ஆண்டுதோறும் நிகழ்வதாகும்.

குவின் இயூசு (2025): 2024 இல் சிறந்த தற்காப்பு வீரருக்கான நாரிசு விருது பெற்றவர். 2025 டிசம்பரில் வான்கூவர் அணி இவரை மினசோட்டா அணிக்குக் கொடுத்து, மூன்று இளம் வீரர்களையும் ஒரு முதற்சுற்றுத் தெரிவு உரிமையையும் பெற்றது.

மதிப்பிடும் முறைகள்

தற்காப்பு வீரரை எண்களால் அளக்கும் முயற்சிகள் பல. பழமையானவற்றுள் ஒன்று கூட்டல் கழித்தல் கணக்கு ஆகும். வீரர் பனித்தளத்தில் இருக்கும்போது தம் அணி கோல் அடித்தால் ஒன்று கூட்டப்படும். எதிரணி அடித்தால் ஒன்று கழிக்கப்படும். 1970–71 பருவத்தில் பாபி ஓர் என்னும் தற்காப்பு வீரர் பெற்ற கூட்டல் 124 என்பதே இக்கணக்கில் உச்சநிலை ஆகும்.

இக்கணக்கு எளிதாயினும் குறையுடையது. வலிமையான அணியில் உள்ள எளிய வீரரும் நல்ல எண்ணிக்கை பெறுவார். எதிரணியின் சிறந்த முன்கள வீரர்களை எதிர்த்தே நிறுத்தப்படுபவர், தம் கடமையைச் செவ்வனே செய்தும், தாழ்ந்த எண்ணிக்கை பெறலாம். இதனால் கோல்களுக்கு மாறாக, கோலை நோக்கிய அடிகள் அனைத்தையும் எண்ணும் முறைகள் பின்னர் தோன்றின. அவை கூடுதல் விவரம் தருகின்றன. ஆனாலும், எதிரணியினர் அடிக்கவே முற்படாதவாறு இடமறிந்து நின்றவரை அவையும் முழுமையாகக் காட்டுவதில்லை.

கபடியுடன் ஒப்பீடு

தமிழ்நாட்டு வாசகர்க்கு இவ்விவாதம் கபடி வழியாக நன்கு அறிமுகமானது. பாடிச் செல்பவர் எடுக்கும் புள்ளிகள் பலர் கண்ணில் படும். பிடிப்பவர்களோ சேர்ந்தே இயங்குவர். மூலையில் நிற்பவர் காலைப் பற்ற, அருகில் நிற்பவர் மறித்து வீழ்த்துவார். புள்ளி யாருக்கு என்பதில் களத்திலேயே கருத்து வேறுபாடு எழும். ஆலங்குடி வட்டாரம் உள்ளிட்ட புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர்களில், பொங்கலை ஒட்டியும் கோயில் திருவிழாக்களை ஒட்டியும் கபடிப் போட்டிகள் நடத்தப்படுவது வழக்கம். இத்தகைய ஊர்ப் போட்டிகளில் வெளியூர் ஆட்டக்காரரைச் சேர்க்கலாமா என்பது நெடுநாளைய வினா. சேர்த்தால் கோப்பை கிடைக்கலாம். ஆனால் அந்த ஊர்ப் பையன் ஒருவனுக்கு இடம் போய்விடும். நகர அணிகளின் ஏலத்தில் கோடிக்கணக்கில் பேசப்படுவதும் இதே வினாதான்.

புரோ கபடி லீக்கில் 2018 ஏலத்தில் ஒரு கோடி ரூபாயை எட்டிய முதல் வீரர், ஈரான் நாட்டுத் தற்காப்பு வீரர் ஃபசல் அத்ராச்சலி ஆவார். மற்றோர் ஈரானியரான முகமதுரேசா சாத்லூயி, தற்காப்பில் சிறந்த பல்துறை ஆட்டக்காரர். 2023 ஏலத்தில் 2 கோடியே 35 லட்சம் ரூபாய்க்குப் புனேரி பல்தான் அணியில் சேர்ந்தார். அவ்வணி 2024 மார்ச்சில் கோப்பையை வென்றது. அடுத்த பருவத்தில் 2 கோடியே 7 லட்சம் ரூபாய்க்கு அரியானா ஸ்டீலர்ஸ் அணிக்குச் சென்றார். 2024 டிசம்பரில் அவ்வணி கோப்பையை வென்றது. 2025 இல் குசராத் அணிக்குச் சென்றார். அவ்வாண்டுக் கோப்பையை தபாங் டெல்லி வென்றது. இறுதிப் போட்டியில் அவ்வணியிடம் தோற்றது, சாத்லூயி இல்லாத புனேரி பல்தான். ஒருவரே கோப்பையைக் கொண்டுவந்தார் என்பதற்கும், ஒருவரால் மட்டும் கோப்பை வருவதில்லை என்பதற்கும் இவ்வரலாறு ஒருங்கே சான்றாகின்றது.

தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் இத்தொடரில் பல அணிகளுக்கு ஆடிய தற்காப்பு வீரர். 2016 இல் பட்னா பைரேட்ஸ் அணியின் தலைவராகக் கோப்பையை வென்றார். 2017 இல் தமிழ் தலைவாஸ் அணி உருவான பின்னரும் அவர் புனே, மும்பை, அரியானா, செய்ப்பூர் அணிகளுக்கே ஆடினார். 2024 இல்தான் தமிழ் தலைவாஸ் அணிக்குப் பயிற்சியாளர்களுள் ஒருவராக வந்தார். ஏல முறையில் ஆட்டக்காரர் தாம் விரும்பும் ஊருக்கு ஆடுவதில்லை. தம்மை எடுக்கும் ஊருக்கே ஆடுகிறார்.

ரசிகர் விவாதங்களின் தன்மை

ஆட்டமும் நாடும் வேறாயினும், தற்காப்பு வீரரைப் பெறுவது குறித்த ரசிகர் விவாதங்களில் சில வாதங்கள் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன.

தேவை வாதம்: அணி தோற்பது கோல் அடிக்காததாலா, கோல் வாங்குவதாலா என்பதை முதலில் அறிய வேண்டும் என்பது.

வயது வாதம்: முப்பது வயதைக் கடந்தவருக்கு வருங்காலத்தைக் கொடுக்கலாமா என்பது. தற்காப்பில் அனுபவம் வேகத்தை ஓரளவு ஈடுசெய்யும் என்பது இதற்கு மறுமொழியாகக் கூறப்படும்.

பற்று வாதம்: பல்லாண்டு ஆடியவரை அனுப்புவது நன்றியாகுமா என்பது.

மண்ணின் மைந்தர் வாதம்: வெளியாருக்குக் கொடுக்கும் தொகையில் உள்ளூர் இளையோரை வளர்க்கலாமே என்பது.

பற்று வாதத்தின் வலிமையைத் தமிழ்நாடு 2025 நவம்பரில் கண்டது. துடுப்பாட்டத்தில், சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர சடேசாவையும் சாம் கரனையும் ராசத்தான் அணிக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனைப் பெற்றது. 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரு பந்துகளில் ஆறும் நான்கும் அடித்துக் கோப்பையை வென்று தந்தவர் சடேசா. அணியின் வருங்காலத்துக்கு இது தேவை என்றும், இப்படி அனுப்பியிருக்கக் கூடாது என்றும் ரசிகர்கள் பிளவுபட்டனர். இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கான விடைகள் என்பதால் ஒன்று மற்றொன்றை வெல்வதில்லை.

வீரரின் உரிமை

இவ்விவாதங்களில் குறைவாகப் பேசப்படுவது கைமாறும் வீரரின் விருப்பம் ஆகும். இந்தியன் பிரீமியர் லீக்கில் வீரரின் இசைவு இன்றிப் பரிமாற்றம் செய்ய இயலாது. தேசிய ஹாக்கி லீக்கில், ஒப்பந்தத்தில் பரிமாற்றத் தடை விதி இடம்பெற்றிருந்தால் மட்டுமே வீரர் மறுக்கலாம். அத்தகைய விதியைக் கேட்டுப் பெறும் வலிமை பெரும்பாலும் முன்னணி வீரர்களுக்கே உண்டு. மற்றவர் ஓர் இரவில் வேறு நகருக்குச் செல்ல நேரிடும். அவரது குடும்பமும், பிள்ளைகளின் பள்ளியும் அவருடன் இடம்பெயர வேண்டும்.

இம்முறையை எதிர்த்தோரில் புகழ்பெற்றவர் அமெரிக்க அடிபந்தாட்ட வீரர் கர்ட் ஃபிளட். 1969 இல் தம்மைக் கேளாமல் வேறு அணிக்கு அனுப்பியதை ஏற்க மறுத்து வழக்குத் தொடுத்தார். 1972 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் அடிபந்தாட்ட வீரர்கள் ஒப்பந்தம் முடிந்தபின் விரும்பிய அணிக்குச் செல்லும் உரிமையைப் பெற்றனர். ஐரோப்பியக் காற்பந்தில் இவ்வுரிமை 1995 டிசம்பர் 15 அன்று வழங்கப்பட்ட போசுமன் தீர்ப்பால் உறுதியாயிற்று.

இந்திய ஹாக்கி ஏலத்துக்கு வீரர்கள் தாமே பெயர் பதிவு செய்கின்றனர். எனவே ஏலத்தில் நிற்பது அவர்களது விருப்பமே. எந்த அணி என்பது மட்டும் அவர்கள் கையில் இல்லை. எனினும், நெடுங்காலமாக அரசு நிறுவனப் பணியையே வருவாயாக நம்பியிருந்த ஹாக்கி வீரர்களுக்கு, சில வாரங்கள் நடைபெறும் ஒரு தொடரில் இத்தகைய தொகை கிடைப்பது பெரும் மாற்றம் ஆகும். அதிலும், கோல் கோட்டிலிருந்து பந்தை நோக்கி ஓடுபவருக்கு அரைக் கோடியை ஒட்டிய விலை கிடைத்தமை, கண்ணுக்குப் புலப்படாத அப்பணியையும் அணிகள் கணக்கில் கொள்ளத் தொடங்கியதைக் காட்டுகின்றது.

இவற்றையும் பார்க்க

வளைதடிப் பந்தாட்டம்
பனி ஹாக்கி
ஹாக்கி இந்தியா லீக்
புரோ கபடி லீக்
சடுகுடு